ஒன்றாய் வேகாத அரிசி

தங்கப்பழம் அண்ணாச்சி சோறு வடித்தால் பருக்கை பருக்கையாக நிற்கும். தேரிவிளைச் சுற்றுவட்டாரத்தில் பெண் பார்க்கப் போவதற்கு முன்பே அவரிடம் கல்யாணச் சமையலுக்குத் தேதி கேட்டு வைப்பவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்ட மனிதர், தலை நரைத்த பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து திடப்படுத்தல் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார்.

மனைவி ஞானப்பூ இருந்தவரைக்கும் அவர் கோயில் வாசலோடு சரி. அவளைக் கொண்டுவந்து விடுவார், ஆராதனை முடிந்ததும் கூட்டிப் போவார். அவள் இறந்த மறு வருஷம் தானாகவே வந்து ஞானஸ்நானம் எடுத்தார். இனி பேராயர் வந்து தலையில் கை வைத்துத் திடப்படுத்தினால்தான் நற்கருணைக்குக் கை நீட்டலாம், சபையின் முழு அங்கத்தினர் ஆகலாம். ஞானப்பூ முழங்கால் போட்ட இடத்தில் தானும் முழங்கால் போட வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அவருக்கு.

வகுப்பு எடுத்தவர் சபையின் குருவான ஆயரம்மா ஜெசிந்தா. அண்ணாச்சியைவிட வயதில் ரொம்பவே இளையவர். குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே பிள்ளைகள் அவரிடம் வாய் திறக்கப் பயந்தார்கள். அண்ணாச்சிக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது.

"ஒரு சந்தேகம்மா," என்றார் ஒருநாள். "ஞாயித்துக்கிழமை தவறாம வாரேன். ஜெபம் பண்ணுதேன். வேதம் வாசிக்கேன். சபைக்கு அங்கமா இருக்கணும், அங்கமா இருக்கணும்னு சொல்லுதியளே, அதுக்கு இதுக்கு மேல என்ன செய்யணும்?"

ஆயரம்மா புத்தகத்தை மூடினார்.

"இந்த வருஷம் அசனச் சோறு நீங்க வைங்க, அண்ணாச்சி."

"கேட்டதுக்குப் பதிலைக் காணோமே."

"சோத்த வச்சிட்டு வாங்க."

அசனம் என்பது அந்தச் சபையின் பண்டிகைச் சாப்பாடு. சனிக்கிழமை மத்தியானம் ஊரே ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும். மறுநாள் ஞாயிறு பேராயர் வருகிறார், திடப்படுத்தலும் அன்றைக்குத்தான். அண்ணாச்சிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சமையல்தானே, கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று நினைத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் அசன அரிசி வந்து இறங்கியது. சாக்கை அவிழ்த்துக் கையில் அள்ளிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அது கைப்பிடி அரிசி. சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். வருஷம் முழுக்க அப்படிச் சேர்ந்ததுதான் அசனத்துக்கு வரும். ரேஷன் புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி, போன வருஷத்துப் பொன்னி, துபாயில் மகன் இருக்கிற வீட்டுப் பாசுமதி, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது.

"இதென்ன கோழிக்குப் போடுற தீனியா?" என்றார் தம் ஆட்களிடம்.

ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். இதை ஆக்கிப் போட்டால் இத்தனை வருஷம் எடுத்த பெயர் என்னாவது? நாளைக்குப் பேராயர் முன்னால் எந்த முகத்தோடு போவது? ஆட்களை அனுப்பி, கடையிலிருந்து முதல் தரப் பொன்னியாக மூட்டை மூட்டையாக வரவழைத்தார். கைப்பிடி அரிசிச் சாக்குகளைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாயைப் போட்டு மூடினார். யாருக்குத் தெரியப் போகிறது?

சோறு மல்லிகைப் பூவாக வந்தது. பந்தியில் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். 'இப்படியொரு அசனம் இதுவரைக்கும் சாப்பிட்டதில்லை' என்று ஆளுக்கு ஆள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஞானப்பூ இருந்து பார்த்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பந்தி முடிந்ததும் ஆயரம்மா கொட்டகைக்கு வந்தார்.

"சோறு எப்படிம்மா?"

"ரொம்ப நல்லா இருந்தது. ரெண்டு தரம் வாங்கினேன்."

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. ஆயரம்மா நேரே பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு அரிசி அண்ணாச்சி?"

"அது வந்தும்மா..." என்று இழுத்தவர், பிறகு மறைக்காமல் சொன்னார். "இத எப்படிச் சோறாக்க? நாலு விதமா வேகும். என் பேரு கெட்டுப் போகாதா?"

"உங்க பேரு ஒண்ணும் கெடல. பந்தியில வேற பேச்சே இல்ல."

குத்தலா பாராட்டா என்று அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை.

"அசனம் எப்போ வைக்கப் போறிய?" என்று கேட்டார் ஆயரம்மா.

"இப்பத்தானம்மா முடிஞ்சிது?"

"இப்ப முடிஞ்சது நீங்க எங்களுக்குப் போட்ட விருந்து. அசனம் இந்தச் சாக்குல கெடக்கு. அவுத்து உலை வைங்க."

"எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியாச்சே. யாரு வருவா?"

"நீங்க உலை வைங்க."

முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நாளைக்குத் தம்மைப் பேராயர் முன் நிறுத்த வேண்டியவர் இவர்தான். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு அண்டாவை ஏற்றினார்.

இத்தனை வருஷச் சமையலில் அவர் அப்படி மல்லுக்கட்டியது கிடையாது. தீயைக் கூட்டினால் பச்சரிசி கரைந்தது. தீயைத் தணித்தால் இட்லி அரிசி அசைய மாட்டேன் என்றது. பாசுமதி நடுவிலேயே ஒடிந்து கூழானது. கரண்டியைப் போட்டு அங்கே கிளறினார், இங்கே தண்ணீர் தெளித்தார், மூடினார், திறந்தார். ஆட்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவழியாக இறக்கியபோது, அண்டாவின் ஒரு பக்கம் கஞ்சியாகவும் ஒரு பக்கம் கல்லாகவும் இருந்தது. அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது.

கோயில் மணி அடித்தது. ஆயரம்மாதான் அடிக்கச் சொல்லியிருந்தார். வெயில் தணிந்த நேரம். வீட்டுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். வயிறு நிறைந்தவர்கள்தான், ஆனாலும் இலை போட்டார்கள். அண்ணாச்சி தலையைத் தூக்காமல் பரிமாறிக்கொண்டே போனார்.

"மன்னிச்சிக்கிடுங்க," என்றார் முதல் வரிசையில். "மத்தியானம் வச்சது கடைச் சோறு. இதுதான் உங்க அரிசி. சரியா வேகல."

அங்கே உட்கார்ந்திருந்த தாயம்மாள் ஒரு வாய் மென்று பார்த்தாள். அவளுக்கு வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன் உண்டு.

"என்னிக்கு சரியா வெந்திருக்கு?" என்றாள். "மத்தியானமே நெனச்சேன், என்னடா ஒண்ணுமே கடிபடலியேன்னு. இது அசனந்தானா, அவருக்குக் கொண்டு போகலாமா வேண்டாமான்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். இதப் போடுங்க."

தூக்குவாளியை நீட்டினாள். அண்ணாச்சி அதில் குழைந்ததும் விறைத்ததுமாகப் போட்டு நிரப்பினார். அவருக்குக் கண் கலங்கியது. புகையென்று சொல்ல அங்கே புகைகூட இல்லை.

எல்லாரும் போனபிறகு ஆயரம்மா தூணோரம் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி எதிரே வந்து நின்றார்.

"நாளைக்கு நான் முழங்கால் போடலாமாம்மா?"

"இந்தச் சோத்துல உங்க வீட்டு அரிசி எது, அண்ணாச்சி?"

"ஏம்மா, மத்தியானம் மூட்டை மூட்டையா நான்தான..."

"அது கடை அரிசி. நான் கேக்குறது உங்க வீட்டு அரிசி."

அண்ணாச்சி தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அவ போனதுக்குப் பிறகு வீட்டுல உலை வைக்கிறதில்லம்மா. ஊருக்கெல்லாம் ஆக்குதேன். போற எடத்துல ஒரு வாய் தின்னுட்டு வந்து படுத்துக்கிடுவேன். அந்த அடுப்பப் பாக்க முடியல."

ஆயரம்மா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அவசரப்படவும் இல்லை. இலையில் இருந்ததை முடித்து, இலையை மடித்தார்.

"இன்னிக்கு வைங்க," என்றார். "ஒரு ஆளுக்குத்தான், அதிகம் வேண்டாம். அரிசி களையுறதுக்கு முன்னால ஒரு பிடி எடுத்து வைங்க. நாளைக்குக் காலையில அதக் கொண்டு வந்து எங்கிட்டக் குடுத்துட்டு, பேராயர் முன்னால போய் முழங்கால் போடுங்க."

"நல்ல பொன்னியா வாங்கட்டுமா?"

"நீங்க எதத் திங்கியளோ அது."

அண்ணாச்சி தலையாட்டினார். அண்டாவின் அடியில் மிச்சமிருந்ததைப் பார்த்தார். சமையல்காரப் புத்தி அவரை விடவில்லை.

"ஆனா ஒண்ணும்மா. இத்தன வீட்டு அரிசியும் ஒண்ணா வேகுறதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சே ஆகணும். அடுத்த வருஷமாவது சோறு நல்லா வரணும்லா?"

ஆயரம்மா எழுந்து கை கழுவினார்.

"அடுத்த வருஷமும் இப்படித்தான் வேகும், அண்ணாச்சி. உங்க அரிசியும் உள்ள கெடக்கும், அவ்வளவுதான்."