மலைமுகாமுக்கு யார் போவது?

மேலாளர் கிருபாகரன் முதலில் பேச்சியம்மாளைக் கூட்டங்களிலிருந்து ஒதுக்கினார். அடுத்து, ராணுவ முகாம்களுக்குச் சாமான் அனுப்பவும் பங்கிடவும் அவள் உருவாக்கிய கணினித் திட்டத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். கடைசியில், தன் பாராட்டு விழாவுக்கு மாலை வாங்க அவளையே அனுப்பினார்.

விழாவில் விருது கொடுக்க வந்திருந்த ராணுவ பிரிகேடியர், அந்த மாலையை அவர் கழுத்தில் போட்டார்.

"எல்லாமே நான் ஒருத்தனே செஞ்சது சார்," என்றார் கிருபாகரன், பிரிகேடியரிடம். "இந்தப் பொண்ணு டைப் அடிச்சா, அவ்வளவுதான்."

"அப்படின்னா ஒரு யோசனை சார்," என்றாள் பேச்சியம்மாள் பணிவாக. "பனி விழுந்தா மலைமுகாமுக்கு மாசக்கணக்கா வழி கிடையாது. நடுவுல அங்க இருப்புச் சாமானைப் பங்கிடுற கணினி மக்கர் பண்ணினா சிப்பாய்ங்க பட்டினி. செஞ்சவரே அங்க தங்கிட்டா நல்லது."

"பிரமாதம்! நாளைக்கே கிளம்புங்க," என்றார் பிரிகேடியர்.

கிருபாகரன் பதறினார். "ஐயோ சார், நான் மேற்பார்வைதான். செஞ்சது இவதான்."

பிரிகேடியர் அவளைப் பார்த்தார். "நீ போவியாம்மா?"

"போறேன் சார். ஆனா விருது யாருக்குன்னு அவரே மைக்ல வாசிக்கட்டும்."

பிரிகேடியர் விருதுச் சான்றிதழில் பெயரைத் திருத்திக் கொடுத்தார். நிறைந்த சபை கேட்க, மேலாளர் வாசித்தார்: "வே. பேச்சியம்மாள்."