ஒரு வட்டம்கூட விழாத விமானம்

“இருபது மணி நேரம் பறந்தாச்சு, வாத்தியாரம்மா. இன்னும் என்னைத் தனியா விடலை. பக்தவத்சலத்தை எட்டே மணி நேரத்துல விட்டீங்க.”

மாசிலாமணி கேட்டேவிட்டான்.

வயது முப்பத்தெட்டு. விமானம் கட்டும் கொட்டகையில் ஆறு வருஷம் தச்சு வேலை பார்த்துவிட்டுப் பறக்கக் கற்றுக்கொள்ள வந்தவன். பக்தவத்சலம் ஓட்டுகிற விமானத்தின் இறக்கைக்குச் சட்டம் இழைத்ததும் துணி ஒட்டியதும் அவன் கைதான். அந்த வக்கீல் வீட்டுப் பையன் முந்தாநாள் அதில் தனியாக ஏறி, ஒரு சுற்று சுற்றி, அலுங்காமல் இறங்கினான். எல்லோரும் கைதட்டினார்கள். மாசிலாமணியும் தட்டினான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமையோடு பயிற்சி முடிகிறது. அதற்குள் தனியாகப் பறக்காதவன் மறுபடி கொட்டகைக்குப் போய்ப் பசை காய்ச்ச வேண்டியதுதான்.

வாத்தியாரம்மா சுலோசனா அவனைவிடப் பத்து வயது இளையவள். பேச்சில் மகா கஞ்சம்.

“பக்தவத்சலத்தோட விமானத்துல இந்த மாசம் எத்தனை வட்டம் போட்டீங்க?”

அந்த மைதானத்தில் தினமும் காலையில் விமானத்தைத் தட்டிப் பார்த்து, கோளாறு தெரிந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். வட்டம் விழுந்த விமானம் அதைச் சரிசெய்யும்வரை தரையை விட்டுக் கிளம்பாது. அவரவர் விமானத்தை அவரவர் பார்க்க வேண்டும். வேலை தெரிந்தவன் என்பதால் பக்தவத்சலத்தின் விமானத்தையும் மாசிலாமணியிடம் ஒப்படைத்திருந்தாள்.

அந்த வேலையை அவன் ஆசை ஆசையாகச் செய்தான். ஒரு வட்டம் கிடைத்தால் போதும், பையன் அன்றைக்கு வெயிலில் காத்துக் கிடப்பான்.

“பதினாலு” என்றான், யோசிக்காமல். எது எந்தக் கிழமை என்றுகூடச் சொன்னான்.

“உங்க விமானத்துல?”

“ஒண்ணுகூட இல்லை.”

“ரெண்டையும் எங்க கட்டினாங்க?”

“ஒரே கொட்டகையில. ஒரே வாரத்துல...”

சொன்னவன் திரும்பித் தன் விமானத்தைப் பார்த்தான்.

“போய்ப் பாருங்க. பக்தவத்சலத்தோடதுன்னு நினைச்சுக்கிட்டுப் பாருங்க” என்றாள்.

போனான். வழக்கமாகத் தன் விமானத்தின் மூக்கில் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஏறிவிடுகிறவன், இன்று முதல் முறையாக அதன் வயிற்றுக்கடியில் படுத்தான். வால் பக்கம் ஒரு நட்டு விரலால் தொட்டதுமே சுழன்றது. சக்கரத்தைக் கழலாமல் பிடிக்கும் இரும்புப் பின் ஒன்று பாதி தேய்ந்திருந்தது. இரண்டு இடத்திலும் வட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வேர்வை.

இரண்டையும் சொன்னான். உடனே மனசு சப்பைக்கட்டு கட்டியது. நேற்று வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, இன்றைக்குத்தான் இப்படி ஆகியிருக்கிறது, இல்லாவிட்டால் இருபது மணி நேரம் பறந்திருக்க முடியுமா என்று கேட்டான்.

அவள் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். உள்ளே இருந்ததை அள்ளி மேஜைமேல் கொட்டினாள்.

மரை போன நட்டுகள். தேய்ந்த பின்கள். நார் நாராகப் பிரிந்த ஒரு துண்டுக் கம்பி.

கொட்டகைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் விமானத்தில் எந்த இடத்தில் இருக்கும், அது போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கம்பித் துண்டைத் தொடக் கை வரவில்லை.

“இதெல்லாம்...”

“உங்க விமானத்துல இருந்து எடுத்தது. தினமும் நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் மாத்திடுவேன். இன்னிக்கு மாத்தலை.”

அவனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வாத்தியாரம்மா.”

“நீங்க எங்கிட்ட கேட்டதெல்லாம் பக்தவத்சலத்தைப் பத்தித்தானே” என்றாள் சுலோசனா.