சாளை பேசிய பேரம்

கண்களைப் படைத்தவனே, நீ செய்தது பச்சை மோசடி. ஏமாந்தவளுக்கு இன்று பேச்சில்லை என்பதால் இத்தனை காலம் தப்பித்துவிட்டாய். நடந்ததைச் சொல்கிறேன், முடிந்தால் மறு.

அந்தக் காலத்தில் கடலுக்குள் மீனும் பேசும், மேலே பறவையும் பேசும். கண்ணில் பட்டது எவ்வளவு சின்ன மினுக்கானாலும் அப்படியே மனசுக்குள் போய்விடும். சாளை மீன் புரளும்போது அதன் வெள்ளி வயிறு ஒரு கணம் மின்னும். ஆலாப் பறவைக்கு அது போதும். நீரில் பாய்ந்தால் மீனோடுதான் எழும். புரளாமல் நீந்தத் தெரியாதா மதினி என்று கேலி வேறு.

ஒரு தாய்ச்சாளைக்கு மிஞ்சியது ஒரே குஞ்சு. அதையாவது காப்பாற்ற உன்னிடம் வந்தாள். ஆலாவின் கண்ணைப் பிடுங்கிவிடு என்றாள். பறவைக்கும் பசி உண்டே என்று நீ மறுத்தாய். அவள் இறங்கி வந்தாள்.

"கண்ணு இருந்துட்டுப் போகட்டும் சாமி. பார்த்தது மனசுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகட்டும். அதுக்குள்ள பக்கத்துலயே இன்னொண்ணு மின்னிட்டா, முதல்ல மின்னினது அழிஞ்சு போகணும்."

"தனியாக மின்னினால்?"

"அது எங்க தலையெழுத்து."

நீ சரி என்றாய். அவள் வாலைத் தட்டிப் பேரத்தை முடித்தாள். யாருடைய கண்ணுக்கு இந்த ஏற்பாடு என்று சொல்ல மறந்தாள். நீ அதைக் கவனித்தாய், வாய் திறக்கவில்லை. உலகத்துக் கண்களையெல்லாம் ஒரேயடியாக மாற்றிவிட்டாய்.

மறுநாள் ஆலா பாய்ந்தது. ஒரு சாளை மின்னியது, அதை ஒட்டி உடனே இன்னொன்று, அதை ஒட்டி மற்றொன்று. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஆலா வெறும் வாயோடு எழுந்தது. கூட்டமே சிரித்தது.

அந்த நேரம் பார்த்துக் குஞ்சை நீரோட்டம் ஓரத்துக்கு இழுத்தது. வழி தவறினால் வயிற்றைக் காட்டு, அம்மா வந்துவிடுவேன் என்று தாய் சொல்லி வைத்திருந்தாள். குஞ்சு வயிற்றைக் காட்டியது. அவள் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் குஞ்சை ஒட்டி அடுத்த வீட்டுச் சாளை புரண்டது. அவளுக்குத் தெரிந்தது அந்த மினுக்கு மட்டும்தான். பிள்ளை பத்திரமாகக் கூட்டத்துக்குள் இருக்கிறது என்று நினைத்து முன்னே போனாள்.

குஞ்சு வெகுதூரம் போய்த் தனியாக மின்னியது. ஆலா அதைத் தவறவிடவில்லை.

அன்று முதல்தான் சாளைகள் கூட்டம் பிரியாமல் ஒன்றை ஒட்டி ஒன்று மின்னித் திரும்புகின்றன. நம் கண்ணிலும் கணநேரம் தோன்றியதைப் பின்னால் வருவது அழித்துவிடுவது அன்று முதல்தான். ஆலாவின் கண்ணுக்காக உன்னோடு முடித்த பேரம் அப்படியே இருக்கட்டும், அதை நான் கேட்கவில்லை. பெற்றவள் கண்ணைப் பழையபடி ஆக்கிக் கொடு.