ராஜா அடைத்த பலகை

ஆழித்துறையை ஆண்ட மாறவேள் மகாராஜாவுக்குத் தாத்தா விட்டுப்போன சொத்து மூன்று. ஒரு சிம்மாசனம், ஒரு மீசை, கடல்வேங்கை என்றொரு போர்க்கப்பல். முதல் இரண்டுக்கும் தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்க ஆள் இருந்தது. கப்பல் மட்டும் நாற்பது வருஷமாக மணலில் சாய்ந்து கிடந்தது. அதில் நண்டுகள் குடித்தனம் நடத்தின. அரண்மனையிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ராஜாங்கத்துக்கு எவ்வளவோ முக்கியமான வேலை, குறிப்பாகப் பகல் தூக்கம்.

கடைசியில் மீரா லெப்பை என்கிற, ஒரு காலத்தில் கப்பல் ஓட்டிய சுக்கானிதான் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தச்சர்கள், வலை பின்னுகிறவர்கள், மீன் விற்கிற பெண்கள் என்று எண்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தருக்கும் கூலி கிடையாது. அதனால்தானோ என்னவோ வேலை ஒழுங்காக நடந்தது. நாலே வருஷத்தில் கப்பல் நிமிர்ந்தது. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தது.

அந்தக் கப்பலில் ஒரு வழக்கம். முதல் தடவை வருகிறவர் விருந்தாளி; இளநீர் கொடுத்துச் சுற்றிக் காட்டுவார்கள். இரண்டாம் தடவை வந்தால் கையில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைக் கொடுத்துவிடுவார்கள். பலகை இடுக்கில் பஞ்சை அடித்துத் திணித்துக் குங்கிலியம் பூச வேண்டும். அடைத்தவர் பெயரை அந்தப் பலகைமேலேயே எழுதிவிடுவார்கள். நாளைக்கு ஒழுகினால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே.

அரசவை விகடகவி சோலைமுத்துவின் பெயரும் ஒரு பலகையில் இருந்தது. ராஜாவைப் புகழ்ந்து பாடியே பிழைத்த மனுஷன் அவர். பொய் கலக்காமல் செய்த ஒரே வேலை அந்த ஒரு முழப் பலகைதான். கப்பல்மேல் அவருக்கு உயிர்.

மந்திரி பரமநாதருக்கோ கப்பல் நின்ற கரைமேல் கண். அங்கே ஒரு கோடை மாளிகை கட்ட ஆசை. ஒருநாள் கயிறும் கையுமாக வந்தார், இளநீரைக் குடித்தார், கரையை அளந்தார், போனார். மறுநாள் சபையில் ஆரம்பித்தார்.

"மகாராஜா, மிதக்காத கப்பல் ஒரு கப்பலா? வருகிற பௌர்ணமியன்று தாங்களே ஏறிக் கடலில் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வந்தாலும் உடைத்து விறகாக்கிவிடலாம். ஒழுகவிட்டவனைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடலாம்."

"நல்ல யோசனை," என்றார் ராஜா. கடைசியாகப் பேசுகிறவர் யாரோ, அவர் சொல்வது ராஜாவுக்கு நல்ல யோசனை.

 சோலைமுத்து நேரே கடற்கரைக்கு, லெப்பையிடம் ஓடினார். அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, ஒரு சொட்டுக்கூட வராமல் அடைக்க முடியுமா?"

"எண்பது பேர் கை, தம்பி. எவனோ ஒருத்தன் கை சொதப்பியிருக்கும். யாருன்னு தண்ணியில விட்டாத்தான் தெரியும்."

சோலைமுத்து பலகைகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். "ராஜா இங்கே எத்தனை தடவை வந்திருக்கிறார்?"

"ஒரே தடவை. இளநீர்ல இனிப்பு போதலைன்னு சொல்லிட்டுப் போனார்."

மறுநாள் சபை கலைகிற வரைக்கும் சோலைமுத்து வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் பேசி ஓய்ந்ததும், "மகாராஜா, பௌர்ணமிக்கு முன் கப்பலை ஒருமுறை வந்து பார்க்கலாமே," என்றார்.

"நல்ல யோசனை."

ராஜா வந்தார். மந்திரி வரவில்லை, மாளிகைக்குத் தூண் பார்க்கப் போயிருந்தார். லெப்பை வழக்கப்படி கொட்டாப்புளியை நீட்டினார். ஆறு பேர் விசிற, இரண்டு பேர் குடை பிடிக்க, ராஜா ஒரு முழம் அடைத்தார். பஞ்சு பாதி உள்ளே, பாதி வெளியே. கூட்டம் கைதட்டியது, வேறு என்ன செய்யும்? வெறும் பெயர் போதாது, பட்டங்களையும் எழுதுங்கள் என்றார் ராஜா. அது நாலு பலகைக்கு ஓடியது.

அவர் தலை மறைந்ததும் லெப்பைக்குக் கை துறுதுறுத்தது. "பார்க்கவே சகிக்கலை தம்பி. பிரிச்சு ஒழுங்கா அடைச்சிடறேன்."

"தொட்டீர்களோ, கப்பல் போச்சு. மற்ற இடத்தை எல்லாம் ஒன்று விடாமல் மறுபடி அடையுங்கள். இதை மட்டும் விட்டுவிடுங்கள்."

பௌர்ணமி வந்தது. ஊரே கூடி இழுக்க, கடல்வேங்கை தண்ணீரில் இறங்கி மிதந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மந்திரி கடலைப் பார்க்கவில்லை. நேரே அடித்தட்டுக்கு இறங்கினார். நனைந்த காலோடு மேலே வந்தார். பேரன் பிறந்த செய்தி சொல்கிறவர்போல முகமெல்லாம் சிரிப்பு.

"ஒழுகுகிறது மகாராஜா."

ராஜாவின் மீசை துடித்தது. "எவன் வேலை? பெயரைப் படியும்."

எல்லாரும் கீழே இறங்கினார்கள். லெப்பை விளக்கைப் பிடித்தார். அந்த ஓரிடம் தவிர மற்றதெல்லாம் காய்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் சோலைமுத்துவுக்கு மூச்சு வந்தது.

மந்திரி உரக்கப் படித்தார். "சமுத்திர திலகன்... திசையெட்டும் வென்றான்..." இரண்டாம் பலகையில் குரல் இறங்கியது. மூன்றாம் பலகையில் நின்றேபோனது.

"நிறுத்திவிட்டீர்களே மந்திரியாரே," என்றார் சோலைமுத்து. "பெயர் நாலாம் பலகையில் அல்லவா இருக்கிறது? கழுதையைக் கொண்டுவரவும் ஆள் அனுப்ப வேண்டும்."

 தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"இது... இது ஒழுக்கே இல்லை மகாராஜா," என்றார் மந்திரி. "சமுத்திரராஜன் தங்களுக்குச் செய்கிற பாதபூஜை."

"பாதபூஜை நடக்கிற இடத்தை விறகாக்கலாமா, மகாராஜா?" என்று பணிவாகக் கேட்டார் சோலைமுத்து.

ராஜா தம் பெயரைப் பார்த்தார். ஈரக் காலைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் மீசை நனைகிற வரைக்கும் சிரித்தார். கரையைக் கப்பல்காரர்களுக்கே எழுதிக் கொடுத்தார். கழுத்து முத்துமாலையைச் சோலைமுத்துவுக்குப் போட்டார். "மந்திரிக்கு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டார்.

"ஐயா முன்னே கயிறோட வந்தாங்க. இது ரெண்டாம் தடவை," என்ற லெப்பை கொட்டாப்புளியை நீட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு லெப்பை மெல்லக் கேட்டார்: "இப்பவாவது ராஜா பலகையைச் சரி பண்ணலாமா, தம்பி?"

"வேண்டாம் காக்கா. அது சொட்டுகிற வரைக்கும் இந்தக் கப்பலை உடைக்கச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. தினம் ஒரு சொம்பு அள்ளி வெளியே ஊற்றிவிடுங்கள், போதும்."