மந்திரி தூங்கிக்கொண்டே வாங்கிய நிலம்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் மனதில் எது தோன்றுகிறதோ அதுதான் அன்றைய கட்டளை.

ஒரு நாள் யாரோ அவனுக்குக் கூண்டு கூண்டாகக் கிளிகளைப் பரிசளித்தார்கள். கிளிகள் தங்க இடம் வேண்டுமே! மந்திரி திருமேனி குடியிருந்த அரண்மனை வீட்டை அவற்றுக்குக் கொடுத்துவிட்டான்.

"மன்னா, நான் எங்கே போவேன்?" என்று கேட்டார் மந்திரி.

"உமக்கா இடம் கிடைக்காது? கெட்டிக்காரர் ஆயிற்றே!"

தலைநகரில் மனை விலையைக் கேட்டதும் கெட்டிக்காரருக்கு வியர்த்துவிட்டது. அதைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்தவர் அரசவைப் பிரபு சூலபாணி. மந்திரிப் பதவி தனக்கு வரவில்லையே என்று வருஷக்கணக்கில் வயிறெரிந்துகொண்டிருந்த மனிதர்.

"கிராமத்தில், ஆற்றங்கரையில் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மேட்டில் வீடு, கீழே தோட்டம். உமக்காகப் பாதி விலை" என்றார்.

வடை பாயசத்தோடு விருந்து வைத்து, திரை போட்ட பல்லக்கில் மந்திரியை ஏற்றி அனுப்பினார். உண்ட மயக்கத்தில் மந்திரி வழியெல்லாம் குறட்டை. கண் விழித்தால் தென்னையும் குளிர்ந்த காற்றும். மனம் மயங்கி, அங்கேயே விலை பேசி முடித்து, சேமித்ததையெல்லாம் கொடுத்து வாங்கிவிட்டார்.

குடிபோன அன்று யாரும் தடுக்கவில்லை. மறுநாள் அரசவைக்குப் புறப்பட்டவரை, வரப்பில் சூலபாணியின் காவல்காரன் மாடசாமி கம்போடு மறித்தான்.

"மன்னிக்கணும் ஐயா. மூணு பக்கமும் எங்க எசமான் வயலு. தாண்டணும்னா ஒரு படி அரிசி. திரும்பி வர்றப்ப இன்னொரு படி."

நாலாவது பக்கம் ஆறு. ஆற்றில் முதலை.

மந்திரியின் மனைவி செண்பகவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நாட்டுக்கே யோசனை சொல்றீங்க, வீட்டுக்கு வழி இருக்கான்னு பார்க்கத் தெரியலையா? நிலம் மலிவாம்! இன்னும் கிணறு வெட்டணும், வேலி போடணும். ஒரு கை உப்பு வாங்க ஊருக்குப் போனா ரெண்டு படி அரிசி! இப்படியே போனா சட்டி பானைதான் மிஞ்சும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் போக வேறு வீடும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. மந்திரி வெட்கத்தில் தலை குனிந்தார்.

அன்று மாலை தன் தோட்டத்தின் நடுவே ஓடிய பழைய வாய்க்காலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சூலபாணியின் வயல்களில் மிகும் மழைத்தண்ணீர் ஆற்றில் போய் விழ அது ஒன்றுதான் வழி.

மறுநாள் அரசவையில் முறையிட்டார். ராஜா வயிறு வலிக்கச் சிரித்தான். "மாட்டிக்கொண்டீரா! அவர் நிலம், அவர் கேட்பதைக் கொடுத்துவிட்டுப் போமய்யா."

"மனிதர் கடந்தால் கொடுக்கலாம் மன்னா. என் வீட்டுக் கோழி வரப்பைத் தாண்டினால்கூடவா?"

சூலபாணி துள்ளி எழுந்தார். "கோழி என்ன, எது கடந்தாலும்! யார் நிலமானாலும் நிலத்துக்காரர் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். அப்படியே முரசறையச் சொல்லுங்கள் மன்னா!"

"அறையட்டும்!" என்றான் ராஜா.

மந்திரி மறுபேச்சில்லாமல் அரிசியை அளந்து கொடுத்தபடி நாளைத் தள்ளினார். ஐப்பசி வந்தது. மழை கொட்டியது. சூலபாணியின் வயல்களில் அப்போதுதான் நடவு முடிந்திருந்தது. மந்திரியும் மனைவியும் சேறு சுமந்து, தங்கள் எல்லை நெடுக வரப்பை உயர்த்தி, வாய்க்கால் வாயை அடைத்தார்கள். நட்ட பயிரெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது.

சூலபாணி ஓலைக்குடையோடு ஓடி வந்தார். "ஐயோ, பயிர் அழுகுகிறதே! வரப்பை வெட்டிவிடும்!"

"வெட்டலாமே. என்ன தருவீர்?"

"தண்ணீருக்குமா?"

"எது கடந்தாலும் என்று நீர்தானே கேட்டு வாங்கினீர்?"

சூலபாணி ராஜாவிடம் ஓடினார். வேடிக்கை என்றால் ராஜாவுக்கு மழை என்ன, வெயில் என்ன? உடனே பல்லக்கில் கிளம்பிவிட்டான். வரப்பில் மாடசாமி கம்பை நீட்டினான்.

"ஒரு படி அரிசிங்க. தூக்குறவங்களுக்குத் தனி."

"அடேய், நான் ராஜா!"

"ராஜா கட்டளைதானுங்க இது."

அரிசிக்கு ராஜா எங்கே போவான்? மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முகம் சிவக்க மந்திரி வீட்டில் வந்து இறங்கினான். "என் நாட்டில் நான் நடக்க மோதிரமா?"

"ஒரு தடவைக்கே இப்படியா மன்னா? நாங்கள் தினமும் கொடுக்கிறோம்" என்றார் மந்திரி.

ராஜாவின் கோபம் அடங்கியது. தன் அசட்டுத்தனத்தை நினைத்துத் தானே சிரித்தான். பிறகு, பல்லக்குக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்த சூலபாணி பக்கம் திரும்பினான். "சட்டம் நீர் கேட்டதுதான். மந்திரி கேட்பதைக் கொடும்."

"வண்டி போகும் அகலத்துக்கு ஒரு பாதை" என்றார் மந்திரி. "எங்களுக்குப் பிறகு இங்கே இருக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து."

சூலபாணி தன் பயிரைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

"வாங்கிய அரிசியையும் என் மோதிரத்தையும் திருப்பிக் கொடும்" என்றான் ராஜா. "இனிமேல் நிலம் விற்கிறவர், வாங்குகிறவரை விழித்திருக்கும்போது நடத்தி அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். திருமேனி, கிளிகள் எனக்குச் சலித்துவிட்டன. உம் பழைய வீட்டுக்கே வந்துவிடும்!"

செண்பகவல்லி முந்திக்கொண்டாள். "வேணாம் மகாராஜா. நாளைக்கு யாராவது மயில் கொண்டுவந்து கொடுத்தா, நாங்க மறுபடி மூட்டை கட்டணும். இங்கே ஒரு கிணறு வெட்டிக் கொடுங்க, போதும்."

ராஜா அசடு வழிந்தபடி சம்மதித்தான்.

மந்திரி வரப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் சலசலவென்று ஆற்றுக்கு ஓடியது. ராஜாவும் பல்லக்கும் போய்விட, சூலபாணி மட்டும் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றார். செண்பகவல்லி ஆவி பறக்கும் கஞ்சியை அவரிடம் நீட்டினாள்.

அவர் கை நீட்டத் தயங்கினார். "இதற்கு என்னம்மா கேட்பாய்?"

"ஒண்ணும் வேணாம். குடிச்சிட்டு நம்ம பாதையிலேயே நடந்து போங்க."