பால்குடையாளுக்கு ஒரு பாராட்டு விழா

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு காட்டில், குங்கிலிய மரத்தின் வேரோடு உறவாடி ஒரு காளான் முளைத்திருந்தாள். லேசாகக் கீறினால் போதும், வெள்ளை வெளேரென்று பால் கசியும். அதனால் அவளுக்குப் பால்குடையாள் என்று பெயர்.

பால் என்றதும் எச்சில் ஊறுகிறதா? பொறுங்கள், பிள்ளைகளே! காந்தாரி மிளகாய் தோற்றுப்போகும் காரம் அது. ஒருமுறை நத்தை அவளைக் கடித்துவிட்டு, "ஐயையோ!" என்று ஓட்டுக்குள் போனதுதான்; அடுத்த மழை வரை தலை காட்டவில்லை.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? அந்தப் பால் மட்டும் வற்றிவிட்டால் நல்ல விருந்து என்று கணக்குப் போட்ட நத்தை, பணிவாக ஊர்ந்து வந்தது.

"தாயே! பசு புல்லைத் தின்றுவிட்டுப் பால் தருகிறது. நீங்கள் ஒன்றுமே தின்னாமல் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு விழா எடுக்காத காடும் ஒரு காடா?"

பால்குடையாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எனக்கு எதற்கப்பா விழாவெல்லாம்..." என்று இழுத்தவள், "என்றைக்கு?" என்று கேட்டாள்.

மறுநாளே விழா. தலைமை, காட்டுப்பன்றி. எந்த விழா என்றாலும் தலைமை அதுதான். எதற்கு விழா என்று அது கேட்டதே கிடையாது. 'பால் வள்ளல்' என்று பட்டம் சூட்டி, குடையில் ஒரு கீறல் போட்டு நக்கியது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"பாருங்கள், ஆனந்தக் கண்ணீர்!" என்றது நத்தை.

தலைவரே உருகிய பாலைக் காரம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? அணில் கீறி நக்கி, "அமிர்தம்!" என்று சொல்லிவிட்டு ஓடையைப் பார்த்து ஓடியது. மைனா கொத்திவிட்டு "ஆகா!" என்றது, அதற்கு மேல் பேச அதன் நாக்கு இடம் கொடுக்கவில்லை.

குங்கிலிய மரம் இலைகளைச் சலசலத்து அவளைக் கூப்பிட்டது. வேர் வழியே அவள் தண்ணீர் தர, மரம் சர்க்கரை தர, ஒன்றாக வாழ்ந்த உறவல்லவா?

"அடியே, அது ஊருக்கு ஊற்றுகிற பால் இல்லை, உன் உயிருக்குக் காவல்! குடைக்கு அடியில் உன் விதைத்தூள் இன்னும் முற்றவில்லை. காற்று வந்து அதை அள்ளிப்போகும்வரை நீ நிற்க வேண்டாமா?"

"உனக்குப் பொறாமை! உன்னைக் கீறினால் வெறும் பிசின்தானே வருகிறது?" என்றாள் பால்குடையாள்.

தினம் ஒரு விழா, விழாவுக்குப் பத்துக் கீறல். ஒருநாள் அணில் கீறியபோது ஒரு சொட்டும் வரவில்லை. "இவ்வளவுதானா?" என்று கூட்டம் கலைந்தது. பன்றிக்கு வேறு இடத்தில் தலைமை இருந்தது.

நத்தை மட்டும் நகரவில்லை.

"நீயாவது நின்றாயே, தம்பி!" என்று நெகிழ்ந்தாள் பால்குடையாள்.

"எப்படியம்மா போவேன்? நன்றியுரை நான்தானே!" என்ற நத்தை, குடையின் ஓரத்தில் வாயை வைத்தது. இந்த முறை நாக்கு எரியவில்லை.

அந்திக்குக் காற்று வந்தது. அள்ளிப்போகத் தூள் இல்லை. மொட்டைக் காம்புதான் நின்றது.

நீதி: மாலை போட வருகிறவரின் கண் மாலையில் இருக்கிறதா, கழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலை குனி.