ஆள்காட்டியின் முட்டைகள்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் விடிந்ததிலிருந்தே செண்பகவல்லியை விடவில்லை. கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி வீடுகள் கட்டிய அந்தக் குடியிருப்பில் அன்று பறவைத் திருநாள். ஆள்காட்டிக் குருவியின் கூட்டை முதலில் பார்த்தவள் என்பதால், அதைக் காட்டி நாலு வார்த்தை பேசும் பொறுப்பு அவளுக்கு. எட்டாவதோடு பள்ளியை விட்டவள்.

பேச்சு கிடக்கட்டும், யாராவது முட்டைகளை மிதித்துவிட்டால்? புல்வெளி ஓரத்துச் சரளையில், வெறும் தரையில் கிடந்தன அவை. பக்கத்தில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பறவை அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி வெள்ளைப் பந்து.

"டீச்சர்!"

ஞாயிறுதோறும் அவளுக்குப் பறவை பார்க்கக் கற்றுத்தரும் மெஹருன்னிசா ஓடிவந்தாள். செண்பகவல்லிக்கு மகள் வயதுதான் இருக்கும்.

"மிதிக்கக் கூடாதுன்னு கொடி நட்டா, பந்தை அடிக்கிறாங்களே! கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கண்ணு நல்லாத் தெரியுதுக்கா. இங்க கொடி இருந்தா பந்தைப் போடுற குழி இருக்குன்னு அர்த்தம். குறி பார்த்துத்தான் அடிக்கிறாங்க."

"ஐயோ, பாவி நான்! இதை எப்படித்தான் காப்பாத்துறது?"

மெஹருன்னிசா குச்சியைப் பிடுங்கினாள். செண்பகவல்லியின் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்த் திரும்பிப் பார்க்கச் சொன்னாள்.

"இப்ப முட்டை எங்கக்கா?"

எல்லாம் கல்லாகத்தான் தெரிந்தது. "தெரியலையே!"

"நல்லது."

பறவையோ எங்கேயோ தள்ளி, வெறும் புல்லில் நின்று கத்தித் தீர்த்தது.

"கூறு கெட்டது. முட்டை இங்க இருக்க, அங்க போய் நின்னு கத்துது பாருங்க."

"அதுக்குப் பேரு ஆள்காட்டிக்கா. ஆளைத்தான் காட்டும். முட்டையைக் காட்டாது."

அதற்குள் தொப்பியும் கேமராவுமாகக் கூட்டம் வந்துவிட்டது. "செண்பகம் மேடம், கூடு எங்கே?"

"தப்பாச் சொல்லலாமா டீச்சர்?" என்று கிசுகிசுத்தாள் செண்பகவல்லி.

டீச்சர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செண்பகவல்லி முந்தானையை இழுத்துச் சொருகினாள். சரளைக்கு முதுகைக் காட்டி, குளத்துப் பக்கம் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

"இங்க வாங்க! எல்லாரும் இங்க வாங்க!"

தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனாள்.